நனையாத விரல்

சனிக்கிழமை எட்டு மணி ஆகப் போகிற நேரத்தில் டிவியில் அந்த நாடகக்காரி பெட்டிக்குள் கையை விட்டுக் கடைசி ஓட்டுச் சீட்டை எடுத்தாள், எடுத்தவள் திருப்பிக் காட்டாமல் சீட்டின் முதுகை மட்டும் காட்டிக்கொண்டு அப்படியே உறைந்து நின்றாள், தொடரும் என்று எழுத்து விழுந்தது, ஆலந்தேரி ஊரே அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடி கேபிள்காரன் தங்கப்பழத்தின் வீடு இருக்கிற திசைக்குத் தலையைத் திருப்பியது. ஏனென்றால் ஓட்டுப் போட்ட எண்ணூற்று முப்பத்திரண்டு பேரில் எண்ணூற்று முப்பத்தோரு பேருடைய விரல் நனைந்து முடிந்துவிட்டது. அவன் விரல் ஒன்றுதான் பாக்கி.

இதை முதலிலிருந்தே சொல்லிவிடலாம், மூடி மறைக்க ஊரில் இனி யாரிடமும் ஒன்றுமில்லை.

மார்கழியில் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தல் வந்தது. பெண்களுக்கு ஒதுக்கிய இடம். தங்கப்பழத்தின் அக்கா லிங்கக்கனி பூட்டு சாவி சின்னத்தில் நின்றாள், லாரி சிவனைந்தானின் மனைவி பேச்சித்தாய் கட்டில் சின்னத்தில் நின்றாள். நின்றாள் என்று சொல்வதுகூடத் தப்பு, பேச்சித்தாய் ஓட்டுக் கேட்டு வாசலைத் தாண்டவில்லை, போஸ்டரில்கூட சிவனைந்தானின் படம் பெரிதாகவும் அவள் படம் மூலையில் தபால்தலை அளவுக்கும் இருந்தது. லிங்கக்கனி வீடு வீடாக நடந்தாள். சிவனைந்தானின் லாரிகள் தேரி மேட்டிலிருந்து செம்மண்ணை அள்ளி அள்ளி ஊர்க் கிணறெல்லாம் உப்புக் கரித்துப்போயிருந்தது, தலைவரானால் முதல் நாளே லாரியை மறிப்பேன் என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னாள், எல்லா வாசலிலும் தலையை ஆட்டினார்கள்.

தலையாட்டினால் போதாது, ஆலந்தேரியில் சூடம் அடிக்கவேண்டும். சுடலை கோயில் வாசலில் தரையில் சூடத்தைக் கொளுத்தி, இன்னாருக்குத்தான் ஓட்டு என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்கவேண்டும். அடித்துவிட்டு மீறினால் வீட்டில் ஒரு உயிரைச் சுடலை எடுத்துக்கொள்ளும் என்பது பேச்சு. பகலில் லிங்கக்கனி ஆட்கள் கூட்டிப்போய் அடிக்கவைத்தார்கள், பொழுது சாயும்போது அதே ஆட்களைச் சிவனைந்தான் ஆட்கள் கூட்டிப்போய் அதே தரையில் அடிக்கவைத்தார்கள், ஊரே ரெண்டு தடவை அடித்தது, உள்ளங்கை கன்றிப்போனவர்கள் அடுப்பில் சுட்டுக்கொண்டோம் என்றார்கள், இத்தனை கை ஒரே வாரத்தில் அடுப்பில் படுமா என்று யாரும் கேட்கவில்லை.

எண்ணி முடித்தபோது பேச்சித்தாய்க்கு நானூற்றுப் பன்னிரண்டு, லிங்கக்கனிக்கு நானூற்றுப் பதினொன்று, செல்லாதது ஒன்பது. லிங்கக்கனி மறுபடி எண்ணச் சொன்னாள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கேட்பதற்கான நேரம் முடிந்துவிட்டது என்றார், அவள் கேட்டுக்கொண்டு நிற்கும்போதே. பேச்சித்தாய் கையெழுத்துப் போட்டாள், சர்டிபிகேட்டைச் சிவனைந்தான் வாங்கிப் பையில் வைத்தார்.

அன்றிலிருந்து லிங்கக்கனி ஊரில் யார் வீட்டிலும் கை நனைக்கவில்லை. கல்யாண வீட்டுக்குப் போவாள், மொய் எழுதுவாள், பந்திக்கு உட்காரமாட்டாள். கோபமெல்லாம் இல்லை. யாராவது தண்ணீர்ச் செம்பை நீட்டினால் செம்பைப் பார்க்காமல் நீட்டுகிற கையைப் பார்ப்பாள், இந்தக் கைதானோ என்று யோசிப்பாள், அதற்குள் தாகம் போய்விடும். அவள் சாப்பிட்டது தம்பி வீட்டில் மட்டும். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, அம்மா செத்தபோது மூன்று வயதாயிருந்த தங்கப்பழத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு வளர்த்தவள், தினமும் சாயங்காலம் வந்து அவன் மனைவி பொன்கிளி போடுகிற சோற்றைத் தின்பாள், இந்த ஒரு வீட்டில்தான் நான் கையைப் பார்க்கவேண்டியதில்லை என்று சொல்லித் தின்பாள், தங்கப்பழம் அப்போதெல்லாம் எழுந்துபோய் வயரைப் பார்ப்பான்.

தையில் ‘மறுபடி எண்ணு’ நாடகம் ஆரம்பித்தது. திங்கள் முதல் சனி வரை ஏழரைக்கு. ஒரு ஊரில் தேர்தல் தகராறு, கஞ்சி போட்ட சேலை கட்டிய ஒரு பெண் அதிகாரி எல்லா ஓட்டையும் மறுபடி எண்ண வருகிறாள், ஒரு மந்திரி பல் குத்திக்கொண்டே அவளை மிரட்டுகிறான். பெட்டியின் பூட்டைத் திறக்கவே இருபத்தைந்து நாள் எடுத்தார்கள், நடுவில் அவள் மாமியார் ரெண்டு தடவை மயங்கி விழுந்தாள். மாசியில் பெட்டி திறந்தது. அதிகாரி முதல் சீட்டை எடுத்துப் பிரித்துக் காட்டினாள். ஆலந்தேரித் தேர்தலின் ரோஸ் நிறச் சீட்டு, கட்டில் மேல் முத்திரை, ஓரத்தில் சால்னாக் கறை. டீக்கடை அய்யாக்குட்டி ஆற்றிக்கொண்டிருந்த டீயில் சொட்டென்று மை விழுந்தது, பார்த்தால் அவன் இடது ஆட்காட்டி விரலில் எப்போதோ அழிந்துபோன ஓட்டு மை புதிதாக, ஈரமாக, நகத்தில் நின்று வழிந்தது. அவன்தான் புரோட்டாவைத் தின்ற கையோடு போய் ஓட்டுப் போட்டவன். பூட்டு சாவிக் கொடியைப் பத்து நாள் தூக்கித் திரிந்தவனும் அவன்தான்.

கடையில் இருந்தவர்கள் சீட்டைப் பார்த்தார்கள், அவன் விரலைப் பார்த்தார்கள், டீயைக் கீழே வைத்தார்கள். அதற்குள் அடுத்த சீட்டு வந்தது, மேலத்தெருவில் ஒரு வீட்டில் சட்டி உடைந்தது.

ஒரு நாளைக்கு எட்டுச் சீட்டு. திருப்பூரில் இருக்கிற சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டுக் கேட்டார்கள், அங்கே அதே நாடகத்தில் அதே அதிகாரி ஏதோ யானை, பூ என்று படம் போட்ட வெள்ளைத் தாளைக் காட்டினாளாம். ஆலந்தேரியிலேயே மொட்டை மாடியில் டிஷ் வைத்திருந்த வீடுகளிலும் வெள்ளைத் தாள்தான். தங்கப்பழத்தின் வயரில் மட்டும்தான் ஊர்ச் சீட்டு வந்தது. ஒரே மாதத்தில் டிஷ்ஷைக் கழற்றிக் கோழியை மூடி வைத்துவிட்டு நூற்றைம்பது வீட்டுக்காரர்கள் அவனிடம் புது இணைப்புக் கேட்டு வந்தார்கள், அவன் ஏணியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகத் தன் கழுத்துக்குத் தானே வயர் இழுத்தான்.

முதல் மாதம் அடிதடியாக இருந்தது. பார்க்காமல் இருந்தாலும் தப்பிக்க முடியவில்லை, சீட்டு வருகிற நேரத்தில் ஆள் தோட்டத்தில் நின்றாலும் பஸ்ஸில் நின்றாலும் விரல் நனைந்தது, திருப்பூர் பனியன் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்த ஒருத்தன் ஒரு கட்டு வெள்ளைத் துணியை மையாக்கிவிட்டு ஊருக்குப் போன் போட்டுக் கெட்ட வார்த்தையில் பேசினான். இடையில் செத்துப்போன ஒரு வாத்தியாருடைய சீட்டு வந்தபோது மாலை போட்ட போட்டோவில் அவர் முழங்கால்மேல் வைத்திருந்த விரலிலிருந்து கண்ணாடிக்கு வெளியே ஒரு சொட்டு வழிந்தது, லிங்கக்கனிக்காக மேடையேறிப் பேசியவர், கட்டிலில் குத்தியிருந்தார், அவர் மகன் போட்டோவைத் துடைத்துவிட்டு மாலையைக் கொஞ்சம் கீழே இறக்கிக் கையை மறைத்தான். மருந்துக்கடையில் பிளாஸ்திரி தீர்ந்துபோனது. தையல்காரர் ஒற்றை விரலுக்கு உறை தைத்து விற்றார். பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தோடு விரலையும் கேட்டார்கள்.

பிறகு எல்லாம் அடங்கியது. ரெண்டு பக்கத்திலும் பொய் சொன்னவர்கள் ஏறக்குறைய சரிசமம் என்று தெரிந்ததும் யார் யாரைக் கேட்பது என்று ஆகிவிட்டது, எல்லாருக்கும் பொதுவாகிவிட்டால் வெட்கம் வெட்கமாக இல்லை. சாயங்காலம் ஏழரை முதல் எட்டு வரை அடுத்தவர் இடது கையைப் பார்ப்பது மரியாதையில்லை என்று ஒரு பழக்கம் வந்தது. வேர்க்கடலை வறுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், விரல் நனைந்தவர் வேட்டியில் துடைத்துவிட்டு, நம்ம சோலி முடிஞ்சுது என்று சிரித்தார். செல்லாத ஒன்பதும் ஒரே வாரத்தில் வந்தன. ரெண்டு பேருக்கும் சூடம் அடித்தோமே என்று பயந்து ரெண்டு சின்னத்திலும் ஒவ்வொரு குத்து குத்தியவர்கள் அந்த ஒன்பது பேர். ரெண்டு சத்தியத்தையும் காப்பாற்றினவர்கள் ஊரில் அவர்கள்தான், அவர்கள் ஓட்டுத்தான் செல்லாது.

லிங்கக்கனி ரெண்டு தகர டப்பா வைத்திருந்தாள். சீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை, பூட்டு சாவிக்கு ஒரு டப்பா, கட்டிலுக்கு ஒரு டப்பா. சித்திரையில் ரெண்டையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு தேர்தல் அதிகாரியிடம் போனாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“டிவியில வாரதெல்லாம் ரெக்கார்டு ஆகாதும்மா,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அது எந்தச் சேனல்?” என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

சீட்டு குறையக் குறைய நனையாத விரலுக்கு மதிப்பு ஏறியது. ஐம்பது பேர் மீதி இருந்தபோது அவர்களுக்குப் பந்தியில் முதல் இலை போட்டார்கள். பத்துப் பேர் ஆனபோது கோயிலில் விபூதி அவர்களுக்கு முதலில் போனது. கடைசியில் தங்கப்பழம் ஒருத்தன்தான் மிஞ்சினான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, பிள்ளைக்கு முதல் எழுத்தை உன் விரலால் எழுதிக் காட்டு என்றார்கள். எழுதுவது வலது கையால் என்று அவன் சொல்லிப்பார்த்தான், பரவாயில்லை இடதாலேயே எழுது என்றார்கள். அவன் ‘அ’ எழுதினான். பொன்கிளி வாசல்படியில் நாலு மாசப் பிள்ளையை வைத்துக்கொண்டு பெருமையாக நின்றாள்.

கணக்கு எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கட்டில் நானூற்றுப் பதினொன்று, பூட்டு சாவி நானூற்றுப் பதினொன்று, மீதி ஒன்று, அது தங்கப்பழத்தினுடையது, அக்கா இடுப்பில் வளர்ந்தவன் வேறு யாருக்குப் போட்டிருப்பான்? அப்படியானால் ஜெயித்தது லிங்கக்கனிதான், அதிகாரிதான் திருடியிருக்கிறார், நாம் ஒரு பாவமும் செய்யவில்லை. ஊருக்கு இந்தக் கடைசி வரி ரொம்பப் பிடித்துப்போனது. விரல் நனைந்து பல்லிளித்தவர்களே பணம் போட்டு வெடி வாங்கினார்கள், வக்கீலுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

தங்கப்பழம் கட்டிலில்தான் குத்தியிருந்தான்.

ஓட்டுக்கு ரெண்டு நாள் முன்னால் சிவனைந்தான் அவனைச் சுடலை கோயிலுக்குக் கூட்டிப்போனார். உன் வயரெல்லாம் பஞ்சாயத்து லைட் கம்பத்திலதான தொங்குது என்று மட்டும் சொன்னார், வேறெதுவும் சொல்லவில்லை, சூடத்தைக் கொளுத்தினார். பொன்கிளிக்கு அப்போது ஏழு மாசம். அதற்கு முன் ரெண்டு தங்காமல் போயிருந்தது. அவன் அடித்தான். ஓட்டுப் போடுகிற மறைப்புக்குள் நின்றபோது முத்திரையைப் பூட்டு சாவிமேல் கொண்டுபோனான், கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது, பிறகு பொன்கிளியின் வயிறு நினைவுக்கு வந்தது, எப்படியும் அக்கா ஐம்பது ஓட்டில் ஜெயிக்கத்தான் போகிறாள், நம்முடைய ஒன்றில் என்ன ஆகிவிடப்போகிறது, பிள்ளையும் பிழைக்கட்டும் என்று கையை நகர்த்தினான். ஊரெல்லாம் ரெண்டு சத்தியம் செய்து ஒன்றை மீறியபோது ஒரே சத்தியம் செய்து அதைக் காப்பாற்றியவன் அவன் ஒருத்தன்தான். லிங்கக்கனி அத்தனை பேரையும் சூடத்துக்கு அழைத்தாள், அவனை மட்டும் அழைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிவனைந்தான் நடந்தே வந்தார். ஆனி மாதக் காற்று தேரி மண்ணை வாரித் தெருவெல்லாம் இறைத்துக்கொண்டிருந்தது, அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, தங்கப்பழம் பெட்டிகளும் வயர்களும் வைத்திருக்கிற ஆஸ்பெஸ்டாஸ் அறைக்குள் குனிந்து நுழைந்தார்.

“தம்பி, நாளைக்கு ஏழரைக்கு வயர வெட்டிரு. அரை மணி நேரம். காத்துல அறுந்துட்டுன்னு சொல்லு, எவன் கேக்கப் போறான்?”

“அண்ணாச்சி, நான் உங்களுக்குச் சூடம் அடிச்சிருக்கேம்லா.”

சிவனைந்தான் சிரித்தார். நான்கு மாதத்தில் அவர் அப்படிச் சிரிக்கக் கற்றிருந்தார்.

“ஊரே அடிச்சுது. சூடத்த நம்புன காலம் போச்சுடே. உன் உடம்புல ஓடுறது அவ ரெத்தம், எனக்கா குத்தியிருப்ப? வெட்டிரு. வெட்டலைன்னா செவ்வாக்கிழமை நான் வெட்டுவேன், கம்பத்தோட.”

அவரை நம்பவைக்க அவனிடம் ஒரு வழியும் இல்லை. அவன் யோக்கியனாக நடந்துகொண்டது அவர் ஒருவரிடம்தான், அவர் அவனை நம்பவில்லை.

அன்று முழுக்க அவன் கணக்குப் போட்டுப் பார்த்தான். வெட்டினால் கம்பத்தில் வயர் இருக்கும். வெட்டினால் அக்கா ஜெயித்தவளாகவே இருப்பாள், ஊர் சாகும்வரைக்கும் அப்படித்தான் சொல்லும். வெட்டினால் விரல் நனைவதை ஒரு ஆளும் பார்க்கமாட்டான், நனைந்தாலும் இவன் ஒரு உறையை மாட்டிக்கொள்ளலாம், ஊர் அதற்கும் ஒரு பெயர் வைத்துக் கும்பிடும். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் வெட்டு என்றுதான் வந்தது. இத்தனை பேருக்கு நல்லதாக ஒரு காரியம் அவனுக்கு அதுவரை வாய்த்ததே இல்லை.

திங்கட்கிழமை ஆறரைக்கு லிங்கக்கனி வந்தாள். டப்பா ரெண்டையும் கொண்டுவந்து டிவி முன்னால் வைத்தாள், முந்தானை முடிச்சிலிருந்து ஒரு கொட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். பிள்ளையை வாங்கிக் கால்மேல் போட்டுக் கொஞ்ச நேரம் ஆட்டினாள். இந்தப் பிள்ளைக்குப் பிறந்த நாளிலிருந்து தினமும் தண்ணி ஊற்றிக் குளிப்பாட்டுகிறவள் அவள்தான். பொன்கிளி தட்டில் சோறு போட்டு மீன் குழம்பை ஊற்றி வைத்துவிட்டு, வாசலில் கூடியிருக்கிறவர்களுக்கு வழி சொல்லப் போனாள். வெளியே வெடியைச் சரமாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

லிங்கக்கனி ரெண்டு வாய் சாப்பிட்டாள்.

“ஏல தங்கம். ஊரே எனக்கு நானூத்திப் பன்னெண்டுங்கு. நீ ஒருத்தன்தான் ஒண்ணும் சொல்லல.”

அவன் வயர்ச் சுருளை எடுத்துச் சுற்றினான். சுற்றியிருந்ததைத்தான் மறுபடி சுற்றினான்.

“உன்னயச் சூடத்துக்குக் கூப்பிடல. கூப்பிடணும்னே தோணலல எனக்கு.”

அவன் சுருளைப் பிரித்தான். வாயைத் திறந்தால் என்ன சொல்வான் என்று அவனுக்கே தெரியாது, பிள்ளைக்காக என்பதா, வயருக்காக என்பதா, ஐம்பதில் ஜெயிப்பாய் என்று நினைத்தேன் என்பதா.

“வயர வெட்டிரு,” என்றாள் அவள். “நான் இந்தக் கொட்டைய எந்த டப்பாவுலயும் போடல. கையிலயே வச்சுக்கிடுதேன். ஊர்ல ஒரு வீட்டுலயாவது நான் சோறு திங்கணும்லா.”

இதை அவள் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. தட்டையும் பார்க்கவில்லை. அவனுடைய இடது கையைப் பார்த்துச் சொன்னாள். செம்பை நீட்டுகிற ஊர்க்காரர்களுடைய கையை எப்படிப் பார்ப்பாளோ அப்படி. எத்தனை நாளாக இப்படிப் பார்க்கிறாள், எத்தனை நாள் இதைப் பார்த்துக்கொண்டே சோற்றை விழுங்கினாள் என்று அவனுக்குத் தெரியவில்லை, அவள் வரும்போதெல்லாம் எழுந்துபோய் வயரைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு எப்படித் தெரியும்?

அவன் எழுந்து ஆஸ்பெஸ்டாஸ் அறைக்குள் போனான். கட்டிங் பிளேயரை எடுத்து ஊருக்குப் போகிற மொத்த வயரையும் அதன் வாய்க்குள் வைத்தான். ஏழு இருபத்தெட்டு. ஏழு இருபத்தொன்பது. பக்கத்து அறை டிவியில், விளம்பரத்தில் ஒரு பெண் பாத்திரம் தேய்த்தாள். நாளைக்கு இன்னொரு தாம்பாளம் அரிசி வரும், இன்னொரு பிள்ளை வரும், அவன் இந்த விரலால் ‘அ’ எழுதிக் காட்டவேண்டும். சாயங்காலம் அக்கா வருவாள், உட்காருவாள், விரலைப் பார்த்துக்கொண்டே சோற்றைப் பிசைவாள், நன்றாயிருக்கிறது என்பாள். சாகும்வரைக்கும்.

நாடகத்தின் பாட்டு ஆரம்பித்தது, ஊரின் முந்நூறு வீட்டிலும் ஒரே பாட்டு. பாட்டு முடிந்தது, நாடகக்காரி சீட்டைத் திருப்பினாள். விரல் நுனியில் சில்லென்று இருந்தது, அவன் குனிந்து பார்க்கவில்லை.

வெளியே வெடி வெடிக்கவில்லை. எதிர்ப் பக்கத்திலும் வெடிக்கவில்லை, தோற்கப்போகிறோம் என்று நினைத்துச் சிவனைந்தான் ஆட்கள் ஒரு சரம்கூட வாங்கி வைத்திருக்கவில்லை. அந்தத் தேர்தல் அதிகாரி மார்கழியிலேயே சரியாகத்தான் எண்ணியிருந்தார். காற்று மட்டும் மண்ணை வாரி ஆஸ்பெஸ்டாஸ் மேல் கொட்டியது, அதற்கு நடுவில் பக்கத்து அறையில் ஒரு புளியங்கொட்டை தகரத்தில் விழுகிற சத்தம் கேட்டது, பிறகு பிள்ளையைத் தரையில் கிடத்துகிற சத்தம், பிறகு செருப்பு.

அவன் வெளியே வந்தபோது தட்டில் சோறு ரெண்டு வாய் குறைந்து அப்படியே இருந்தது. பொன்கிளி அவன் விரலைப் பார்த்தாள், கையிலிருந்த பிளேயரைப் பார்த்தாள். வெட்டச் சொல்லிச் சிவனைந்தான் சொல்லியிருந்தார், அக்காவும் சொல்லியிருந்தாள். அவன் வெட்டவில்லை.